மூடி மிஸ்

எங்கள் வீட்டுக்கு அவர் முன்வாசலால் வந்ததில்லை. ஒழுங்கையில் ஸ்கூட்டி வந்து நிற்கிற சத்தம் கேட்கும். நான் தலையைக் கோதிக்கொண்டு முன்கதவைத் திறந்தால் ஸ்கூட்டி மட்டும்தான் நிற்கும். திரும்பிப் பார்த்தால் அவர் குசினிக்குள் நிற்பார். தோளில் கறுப்புப் பை, தலையில் கழற்றாத ஹெல்மெட், ஒரு கையில் என்னுடைய சட்டியின் மூடி.

அவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மருத்துவமாது. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவருடைய வேலை. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் ஒழுங்கையில் அவருடைய சொந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் அவர் மூடி மிஸ். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால், இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கும் முன்னால் அவர் சட்டிகளைத் திறந்து பார்ப்பார்.

"முகத்துக்குப் பவுடர் பூசலாம், தங்கச்சி. சட்டிக்குப் பூச ஏலாது" என்பார்.

முதல் தடவை அவர் வந்தபோது எனக்கு ஐந்து மாதம். என் கணவர் கொட்பேயிலிருந்து போகிற பலநாள் படகில் வேலை செய்கிறார். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். அன்று அவர் வீட்டில் நின்ற நாள். காலையிலேயே எழுந்து கிழிந்த வலை பொத்துகிற இடத்துக்குப் போய்விட்டார். நான் "வாங்கோ மிஸ், கதிரையில இருங்கோ" என்று சொன்னது மிஸ்ஸின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சோற்றுப் பானையைத் திறந்து அகப்பைக் காம்பால் ஒருதரம் கிளறினார். பருப்பை முகர்ந்தார். கடைசியாகத் தாச்சியை மூடியிருந்த தட்டைத் தூக்கினார். உள்ளே நாலு துண்டு பாரை மீன், முதல்நாள் மாலை பொரித்தபடியே கிடந்தது.

"என்ன, சண்டையோ?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆர் சொன்னது மிஸ்?"

"மீன்தான். குழம்பு மிஞ்சினா அது பசி இல்லாததால மிஞ்சினது. பொரிச்ச மீனை ஆரும் சும்மா ஆறவிடமாட்டினம். அது கோவத்தால மட்டும்தான் மிஞ்சும்." தட்டை மறுபடி மூடினார். "சாப்பிடாமப் படுத்தது நீங்களோ, அவரோ?"

"ரெண்டு பேரும்."

"அவர் படுக்கலாம். நீங்கள் படுக்க ஏலாது. அந்த மீனைச் சூடாக்கிக்கொண்டு வாங்கோ, நான் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுங்கோ."

நான் சாப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு நெடுநேரம் எனக்கு யாரோ என் உடுப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

எங்கள் எல்லோருக்கும் சமையல் என்றால் அவிப்பது, பொரிப்பது, வறுப்பது, சுடுவது அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு கையெழுத்து. பிட்டோ இடியப்பமோ ஆவியில் அவிந்துகொண்டிருந்தால் அவருடைய முகம் தெளியும். ஒருவர் மா குழைத்துப் பிழிய இன்னொருவர் அடுப்பைப் பார்க்கிற வீடு அது. பிள்ளை பெற்றவளுக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது. பத்தியச் சரக்கு வறுத்து இடித்த வாசம் வந்தால் மாமியார் வந்து நிற்கிறா என்று ஒழுங்கை முகப்பிலேயே சொல்லிவிடுவார். நாள் தவறாமல் ரொட்டி மட்டும் சுடுகிற வீட்டில் எதுவும் கேட்கமாட்டார். பையிலிருந்து ஒரு திரிபோஷாச் சத்துமாப் பக்கற்றைக் கூடுதலாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பேச்சை வேறு எங்காவது கொண்டுபோவார்.

சட்டியை ஒளித்துவைத்தவர்களும் இருந்தார்கள். ஒருத்தி அவருடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும் குசினியைப் பூட்டிவிடுவாள். அவர் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போய்க் குப்பை வாளிக்கு முன்னால் குந்துவார்.

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் அப்படித்தான் நடந்தது. அந்த வீட்டுக்காரன் ஒரு கராஜில் வேலை செய்தான். மனைவிக்கு எட்டு மாதம். அவன் வாசலிலேயே நின்று, "நேத்து வழுக்கி விழுந்திட்டா மிஸ், படுத்திருக்கிறா, பிறகு வாங்கோ" என்றிருக்கிறான். அடுத்த வீட்டில் இருக்கிற என் கணவரின் அக்கா, என்னுடைய மச்சாள், அப்போது வேலிக்கு இந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவ. அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். மிஸ் நேரே பின்பக்கம் போனாராம். குப்பை வாளியைக் கவிழ்த்து, ஈர்க்குக் குச்சியால் முட்டைக் கோதுகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எண்ணினாராம்.

"ஆம்பிளை சமைச்சா முட்டைதான் பொரிப்பான். நேரத்துக்கு ரெண்டு. இது ஒரு கிழமைக் கோது, தம்பி. நேத்து விழுந்தவ போன கிழமை ஏன் சமைக்கேல்லை?"

உள்ளே அந்தப் பெண் கை முறிந்து காய்ச்சலில் கிடந்தாள். எட்டு நாளாம். பொலிஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதற்குப் பிறகு வந்தது. ஒழுங்கையில் எல்லோரும் மிஸ்ஸை மெச்சினார்கள். மெச்சியபடியே தங்கள் குப்பையைத் துறைமுக வீதிக்குக் கொண்டுபோய்க் கொட்டத் தொடங்கினார்கள்.

அவரைப் பற்றி இன்னொரு கதையும் உலாவியது. அவர் எந்த வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பிறந்தநாள் கேக் கொடுத்தால் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைப்பார். பிறகு யாராவது பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார். தேத்தண்ணி வேண்டாம், தண்ணீர் மட்டும். சாவு வரப்போகிற வீடு எதுவென்று அவருக்குத் தெரியும், அதனால்தான் எங்குமே வாய் நனைப்பதில்லை என்று ஒழுங்கை முகப்புக் கடைக்காரி சொல்லுவா. நான் அதை நம்பவில்லை. ஆனால் அவர் என் வீட்டில் வேண்டாம் என்று சொல்லும்போதெல்லாம் இன்னொரு தரம் கேட்டுப் பார்ப்பேன்.

மகள் பிறந்தாள். மூன்று கிலோவுக்கு மேல், நல்ல பிள்ளை.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களைப் பற்றி என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பிள்ளை அழுதால் சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல இருக்கும். எழுந்து போவேன், பால் கொடுப்பேன், குளிப்பாட்டுவேன். வீடு துப்புரவாக இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் நான் கெட்டிக்காரி என்றார்கள். மிஸ் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் சட்டியில் சோறும் மீன் சொதியும் கீரையும் இருந்தன. அவர் மூடியை வைத்துவிட்டுப் பிள்ளையின் நிறை பார்த்துப் போனார்.

பிறகு அந்த நாள். கச்சான் காற்று அடிக்கிற மாதம். வெளியில் கொடியில் போட்ட உடுப்பு கால்மணி நேரத்தில் காய்ந்து மொடமொடக்கும். விடிந்ததிலிருந்து நான் குசினிக்குள் நின்றேன். என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. அது நிற்காமல், அடக்கிய குரலில் யாரோ எனக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பிள்ளை தொட்டிலில் நித்திரை.

ஸ்கூட்டிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மூடி திறக்கிற சத்தம்தான் கேட்டது.

முதல் சட்டியில் சூரை மீன், கொறக்காப் புளி போட்டு ஒரு துளி தண்ணீர் இல்லாமல் வற்றவைத்தது. அடுத்ததில் கருவாடு, கறுப்பாகும்வரை பொரித்தது. தாச்சியில் சீனிச் சம்பல், எண்ணெய் பிரிந்து மினுங்கியது. அவர் சோற்றுப் பானையை நிமிர்த்திப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்துவைத்த பானை. உள்ளே ஒன்றும் இல்லை. மேசையில் இரண்டு போத்தல் மாசிச் சம்பல். ஒரு பெரிய பேணி நிறைய வறுத்த அரிசிமா. இன்னொன்றில் பயறு வறுத்து இடித்துச் சீனி கலந்தது. எல்லாவற்றையும் நான் அப்போதுதான், அவரோடு சேர்ந்து, முதல் தடவையாகப் பார்த்தேன்.

"சோறு எங்க?" என்று கேட்டார்.

நான் பானையைப் பார்த்தேன்.

"இண்டைக்குச் சாப்பிட இங்க ஒண்டும் இல்லை. எத்தனை நாளைக்குச் சமைச்சனீங்கள்?"

"அவருக்கு, மிஸ். படகில கொண்டுபோக."

"அவர் முந்தநாள் வெளிக்கிட்டவர் எல்லோ? கொட்பேயில ஐஸ் ஏத்தேக்க நான் கண்டு கதைச்சனான்."

உண்மைதான். அவருடைய பையை நான்தான் கட்டிக் கொடுத்திருந்தேன். "அப்ப, திரும்பி வந்து சாப்பிட" என்றேன். என் குரல் வழக்கம்போலத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

"திரும்பி வரேக்க நீங்கள் சமைச்சுக் குடுக்கமாட்டீங்களோ?"

அடுப்பின் பின்பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி மூடியோடு இருந்தது. அவர் அதைத் திறந்தார். வெந்நீருக்குள் ஒரு பால் போத்தலும் மூன்று ரப்பர் முலைகளும் அவிந்து கிடந்தன. என் மகள் அதுவரை தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் குடித்ததில்லை. அலுமாரித் தட்டில் உடைக்காத பால்மாப் பேணி ஒன்று நின்றது. வாங்கியது நானாகத்தான் இருக்கவேண்டும்.

"எங்க போறீங்கள், தங்கச்சி?"

"நான் எங்கயும் போகேல்லை, மிஸ்."

"ஓம். உங்களுக்குத் தெரியாது. உங்கட கை மட்டும் ஆயத்தமாயிட்டுது."

அவர் எல்லா மூடிகளையும் ஒவ்வொன்றாக மூடினார். அடுப்பை நிறுத்தினார். பிறகு நான் அதுவரை காணாத ஒன்றைச் செய்தார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கைபேசியை எடுத்து யாருக்கோ, "இண்டைக்கு மற்ற வீடுகளுக்கு வர ஏலாது" என்று சொன்னார். "ரெண்டு தட்டுக் கொண்டுவாங்கோ" என்றார்.

கொண்டுவந்தேன். சோறில்லை, பாண் இல்லை. வற்றிய மீனும் கருவாடும் சம்பலும் மட்டும். அவர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு எனக்கு ஒரு தட்டும் தனக்கு ஒரு தட்டுமாக வைத்தார். எந்த வீட்டிலும் சாப்பிடாத மனுசி என் முன்னால் இருந்து, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரிக் கண்ணை மூடி மூடி விழுங்கினார்.

"உப்புச் சரி" என்றார். "சாப்பிடுங்கோ. இதுகளை நாளைக்கெண்டு வைக்க வேண்டாம்."

ஒரு துண்டு கருவாட்டை வாயில் வைத்தேன். உப்பு சுரீரென்று ஏறியது. எத்தனையோ நாளாக என் நாக்குக்கு எந்த ருசியும் தெரியாமல் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழத் தொடங்கினேன். பிள்ளை எழும்பியதும் அவர் தூக்கிக்கொண்டுவந்து என் மடியில் வைத்தார். மறுபடி கதிரையில் இருந்தார். ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி ஆனது. அவர் எழும்பவேயில்லை.

நாலு மணிபோல மச்சாள் வந்தா. வாசலில் நின்றபடியே, "என்னடி, நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கோ எண்டு சொன்னனீ. ஏன் எண்டு கேக்க மறந்திட்டன். எங்கயும் போறியோ?" என்று கேட்டா.

"நான் எப்ப சொன்னனான்?"

"விடியவெள்ள, வேலியடியில. சிரிச்சுக்கொண்டுதானே சொன்னனீ."

எனக்கு வேலியடிக்குப் போன ஞாபகமே இல்லை. இன்றைக்கும் இல்லை. மச்சாள் பொய் சொல்கிறவ இல்லை.

மிஸ் அப்போதுதான் எழும்பினார். "நாளைக்கு வேண்டாம்" என்றார் மச்சாளிடம். "இண்டைக்கே தூக்குங்கோ. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போறம்."

பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு வருகிற நோய் என்று டொக்டர் சொன்னார். அது என்னுடைய குற்றமில்லை, மருந்து இருக்கிறது, மாறும் என்றார். படகுக்கு ரேடியோவில் தகவல் போய், என் கணவர் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தார். குசினிக்குள் போய் அந்தப் போத்தல்களையும் பேணிகளையும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு எல்லாவற்றையும் உரப்பையில் போட்டு, பின்வளவில் இடுப்பளவு கிடங்கு வெட்டிப் புதைத்தார். நாய்கூடக் கிண்டக்கூடாது என்று மேலே கல் வைத்தார். எட்டு மாதம் குளிசை குடித்தேன். எட்டு மாதமும் மச்சாள் எங்களோடு இருந்தா. மாறியது.

மிஸ்ஸோடு அந்த நாளைப் பற்றிப் பேச எனக்கு நாலைந்து வருடம் ஆனது. காஸ் கிடைக்காமல் ஊரே விறகுக்குத் திரும்பிய காலம். நான் முற்றத்தில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகுமுன் போடவேண்டிய ஊசியைப் பற்றிச் சொல்ல அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மரக்குற்றியில் குந்திக்கொண்டு விறகை உள்ளே தள்ளிவிட்டார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது மிஸ், அண்டைக்கு?"



"வேலைக்கு வந்த புதுசில கட்டைபறிச்சான் பக்கம் இருந்தனான்" என்றார். "மூண்டாவது பிள்ளை பெத்த ஒரு அக்கா. அவவின்ர வீட்டுக்குப் போனா என்னைக் கதிரையில இருத்திக் கதைப்பா. முகம் எப்பவும் சிரிச்சபடி. ஒருநாள் பொரிச்ச மீன் ஒரு போத்தல் நிறையத் தந்தா, கனக்கச் செய்தனான் மிஸ், ஒரு கிழமைக்குப் பழுதாகாது எண்டு. கொண்டுபோய்ச் சாப்பிட்டன். அப்பிடி ஒரு ருசி. ரெண்டு நாள் கழிச்சுப் போனா அந்த வீட்டில சாவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருக்கு. போத்தலைத் திருப்பிக் குடுக்க ஆள் இல்லை."

கஞ்சி பொங்கியது. நான் அகப்பையால் துழாவினேன்.

"அதுக்குப் பிறகுதான் முகம் பார்க்கிறதை விட்டனான். ஆரும் தந்ததைச் சாப்பிடவும் ஏலாமப் போச்சு. இந்த ஊருக்கு வந்து, உங்களுக்கு முந்தி ரெண்டு வீட்டில அதே மாதிரிச் சமையலைக் கண்டனான். ஒரு வீட்டில எங்க போறீங்கள் எண்டு கேட்டன். அவை உண்மையிலேயே மடுக் கோயிலுக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டு இருக்கினம், வான் வந்து நிக்குது." அவர் சிரித்தார். "பயணம் வெளிக்கிடேக்க அபசகுனமாக் கேட்டிட்டன் எண்டு சுகாதாரக் கந்தோருக்குக் கடிதமும் எழுதிப்போட்டினம்."

"மற்ற வீட்டில?"

சிரிப்பு நின்றது.

"அங்கயும் கேட்டன். எங்க மிஸ் போறது, கைப்பிள்ளையோட எண்டு சொன்னா. எனக்கு மடு வீட்டில ஏச்சு வாங்கின வெக்கம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு ஸ்கூட்டியை எடுத்திட்டன். கேட்டாப் போதுமெண்டு நினைச்சிட்டன்." நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு உங்கட வீட்டுக்கு வாறதுக்கு ரெண்டு மாசத்துக்கு முந்தி."

அவர் அன்று ஏன் கதிரையை விட்டு எழும்பவில்லை என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"பிள்ளை?" என்று கேட்டேன்.

"இருக்கு. பொம்பிளைப் பிள்ளை. தகப்பனோட." பெயரையும் சொன்னார். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்த மாதிரி, மெதுவாக, முழுப்பெயராகச் சொன்னார். அடுத்த வருடம் அவருக்கு வெருகல் பக்கம் மாற்றம் வந்தது. போகும்போது சொல்லிவிட்டுப் போகவில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

மகளை முதலாம் வகுப்பில் சேர்த்த அன்று, டீச்சர் இடாப்பை வாசித்தபோது மிஸ் சொன்ன அந்தப் பெயர் வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் எழும்பி "பிரசன்ட்" என்றாள். யன்னலுக்கு வெளியில் தாய்மாரோடு நின்ற நான் சுற்றிவரப் பார்த்தேன். எங்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தகப்பன் நின்றார். கையில் அவளுடைய தண்ணீர்ப் போத்தல்.

அவளுக்குச் சாப்பாடு ஒவ்வொரு நாளும் ஜாம் பூசிய இரண்டு துண்டு பாண் என்று மகள் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து நான் மகளின் சாப்பாட்டுப் பெட்டியைப் பெரிதாக்கினேன். பிட்டு அவித்தால் இரண்டு பேருக்கு, ரொட்டி சுட்டால் நாலு. யாருக்கென்று மகளிடம் சொல்லவில்லை. அவள் தானாகவே பங்கிட்டுக்கொண்டாள்.

போன கிழமை பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, அவள் கேட்டவள், உன்ர அம்மா ஏன் ஒவ்வொரு நாளும் கனக்கச் சமைக்கிறா எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"எங்கட அம்மாவுக்கு அளவு தெரியாது எண்டு சொன்னனான்."